நாலு விரற்கடை

முப்புடாதி எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று அவளை உட்காரச் சொன்னது நான்தான், ஏனென்றால் அது எங்கள் ஆபீசின் சட்டம். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பின்பக்கத் தெருவில், கீழே வடைக்கடையும் மேலே நாங்களுமாக இருக்கிற அந்த மாடிக்கு வேலை போனவர்களும், வேலை போகப்போகிறவர்களும், வேலை இருந்தும் மானம் போனவர்களும்தான் படியேறி வருவார்கள். வந்து, கழற்ற வேண்டாம் என்று சொன்னாலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலி காலியாகக் கிடந்தாலும் சுவரை ஒட்டி நிற்பார்கள். முதலாளிக்கு முன்னால் நின்று நின்றே பழகிப்போன கால், நாற்காலியைக் கண்டால் கூசத்தானே செய்யும். அதனால் எங்கள் வக்கீல் சமாதானம் ஒரு முறை வைத்திருந்தார். வந்தவர் முதலில் உட்கார வேண்டும், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். நின்றுகொண்டு சொன்னால் அது கெஞ்சல், உட்கார்ந்து சொன்னால்தான் அது வழக்கு என்பார் அவர்.

பேர்தான் சமாதானம். தொழிலில் ஒரு தடவைகூட எதிர்த்தரப்போடு சமாதானமாகப் போகாத மனுஷன். தொழிலாளிகளைத் தவிர வேறு யாருக்கும் வக்காலத்துப் போட்டதில்லை என்பதால் அவருடைய கறுப்புக் கோட்டு முழங்கையில் நரைத்துக் கிடந்தது. கம்பெனி வக்கீல்களின் கோட்டுகள் அப்படி நரைப்பதில்லை. நான் கோமதி, அவருக்கு டைப் அடிக்கிறவள், அவருக்கு மறதி வந்த பிறகு அவருடைய ஞாபகமும் நான்தான்.

முப்புடாதி சுவரை ஒட்டி நின்றாள். கூச்சப்படாமல் உட்காரம்மா என்று நான் மறுபடியும் சொன்னேன்.

"கூச்சம் இல்லக்கா. ஒடம்பு போகமாட்டேங்கு" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தும் காட்டினாள். நாற்காலிக்கு முதுகைக் கொடுத்து, முந்தானையை இழுத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஊரில் எல்லோரும் உட்காருவது போலத்தான் இறங்கினாள். ஆனால் பலகைக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் உடம்பு நின்றுவிட்டது, அதற்குமேல் இம்மியும் இறங்கவில்லை. நான் எழுந்து போய் இடையில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரலும் தாராளமாகப் போய்வந்தன. வக்கீல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டுக் கொடுப்பதை எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்கிற அதே குரலில், இது எப்போதிலிருந்து என்று கேட்டார். வேலையை விட்டு நிறுத்தின அன்றிலிருந்து என்றாள். சரி, அப்படியென்றால் நின்றுகொண்டே சொல்லும்மா என்றார். எங்கள் ஆபீசின் சட்டம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மீறப்பட்டது.

அவள் வேலை பார்த்தது ஜங்ஷன் பக்கம் இருக்கிற பெரிய ஜவுளிக்கடையில். பேரைச் சொல்லமாட்டேன், திட்டுவதற்காகச் சொன்னாலும் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்தான். அந்தக் கடையின் மூன்றாவது மாடியில் பட்டுச்சேலைப் பிரிவில், தாவணி போட்ட காலத்திலிருந்து முப்புடாதி நின்றுகொண்டிருந்தாள். காலையில் ஷட்டர் ஏறும்போது நிற்கத் தொடங்கினால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும், ஆள் இருந்தாலும் நிற்க வேண்டும், ஆள் இல்லாவிட்டாலும் ஆள் வரப்போகிற மாதிரி நிற்க வேண்டும். பில் போடுகிற ஆண்களுக்குச் சுழல்கிற நாற்காலி உண்டு, மெத்தை வைத்தது. பெண்களுக்குக் கிடையாது, சேலை காட்டுகிறவள் உட்கார்ந்தால் சேலைக்கு மதிப்புக் குறையும் என்பது அந்தக் கடையின் கண்டுபிடிப்பு. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு மாடிக்கு மாடி பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. இறங்கின கையோடு குடோனுக்குள், கை உடைந்த பொம்மைகளுக்குப் பக்கத்தில் போய் அடுக்கிக்கொண்டன. இன்ஸ்பெக்டரின் ஜீப் தெருமுனையில் திரும்பினால் வெளியே வரும், ஜீப் போனதும் உள்ளே போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே.

ஆடித் தள்ளுபடி நேரம். அம்மியே பறக்கிற காற்றில் ஊர் ஜனமெல்லாம் பறந்து வந்து கடைக்குள் விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் காலையிலிருந்து சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, பிரித்ததையெல்லாம் தரையில் மலையாகக் குவித்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனது. முப்புடாதி அந்த மலையை மடித்து மடித்து, கடைசிச் சேலைக்கு வந்தபோது, வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த குஷன் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சேலையை மடியில் வைத்து மடித்தாள். அவ்வளவுதான், ஒரு சேலை மடிக்கிற நேரம். அந்தச் சின்ன நேரத்தைப் பற்றி அவள் சொன்னபோது அவளுடைய முகமே வேறாக இருந்தது. பாதத்திலிருந்து சூடு இறங்கி, கெண்டைக்காலில் கட்டியிருந்த கல்லெல்லாம் உருகி ஓடின மாதிரி இருந்ததாம், பிள்ளை பெற்று முடித்த நிமிஷத்தில்கூட உடம்புக்கு அப்படி ஒரு நிம்மதி வரவில்லையாம்.

கூரையில் இருந்த கேமரா அதைப் பார்த்துவிட்டது. மறுநாள் கடையின் கண்ணியத்தைக் குலைத்தாள் என்று குற்றச்சாட்டு வந்தது, அதற்கு ஒரு விசாரணை வந்தது, விசாரணை செய்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அவள் நின்றாள். முடிவில் இனி வர வேண்டாம் என்றார்கள். வேலை போன துக்கம் இருந்தாலும், இனிமேல் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் மடியில் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு சின்ன ஆசையோடுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் தெருவுக்குப் போனாள். பிள்ளைக்கு பவிஷா என்று பேர், அம்மாவின் பேருக்கும் சேர்த்து நாகரிகமாக வைத்தது. பவிஷா அப்போது பள்ளிக்கூடம் போகாத குழந்தை, அவள் பிறந்து விவரம் தெரிந்ததிலிருந்து அம்மா என்பது ராத்திரியில் வந்து காலையில் போகிற ஒரு ஆள். அவள் மடி மடி என்று ஓடிவந்தாள். முப்புடாதி கட்டிலில் உட்காரப் போனாள். நாலு விரற்கடை மேலே உடம்பு நின்றுவிட்டது.

"வேலைக்குக்கூட வேற எடம் பாத்துக்கிடலாம் சார், மடிக்கு எங்கன போவேன்?" என்று எங்கள் வக்கீலிடம் கேட்டாள் அவள்.

வக்கீல் அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து மனுவை ஒரே மூச்சில் சொன்னார். உட்கார்ந்தாள் என்றே வைத்துக்கொள், உட்காருவது அவளுடைய உரிமை, அதனால் அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடு என்பது முதல் கோரிக்கை. அந்தக் கடையில் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் நாற்காலி போடு, ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம் வேண்டாம் என்பது இரண்டாவது கோரிக்கை. டைப் அடித்து முடித்தபோது எனக்கே இடுப்பு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். முதலில் ஊர் சோதித்துப் பார்த்தது. அவளுடைய தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டு ஆசனத்தில் அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நம்பினார்கள், மர நாற்காலி கொண்டுவந்தார்கள், இரும்பு நாற்காலி கொண்டுவந்தார்கள், ஊஞ்சலைக் காட்டினார்கள், உரலைக் கவிழ்த்துப் போட்டார்கள், ஒரு பெரியவர் தன் மாட்டுவண்டியின் நுகத்தடியைக்கூடக் கழற்றி எடுத்துவந்தார். எல்லாவற்றுக்கும் அதே நாலு விரற்கடை. கொல்லத்தில் பேக்கரியில் வேலை பார்க்கும் அவளுடைய புருஷன், நம்மூர் நாற்காலிக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிருக்கும் என்று, ரயிலில் நின்றுகொண்டே ஒரு கேரளத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான், பாவம், அதற்கும் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோடாங்கி உட்காரம்மா உட்காரம்மா என்று விடியவிடிய உடுக்கை அடித்துவிட்டு, கால் வலித்து, தான் உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் பிடித்துப் பாயில் படுக்கவைத்துவிட்டுப் போனால், காலையில் பாயின்மேல் நின்றுகொண்டிருப்பாள். கடைசியில் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகினாள். பவிஷா அவளுடைய பாதத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கினாள், அதனால் முப்புடாதி விடியும்வரை கால் மாற்றி நிற்கவும் மாட்டாள்.

சோதித்து முடித்ததும் ஊர் பழகிக்கொண்டது, பழகினதும் ஊர் பயன்படுத்திக்கொண்டது. உட்காராத ஒரு மனுஷி ஊருக்குள் இருப்பது எத்தனை சௌகரியம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் புரிந்தது. ரேஷன் கடை வரிசையில் அவளை நிறுத்தினார்கள், பெரியாஸ்பத்திரியில் சீட்டு எடுக்க அவளை நிறுத்தினார்கள், ஆதார் திருத்தம், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட அட்மிஷன் என்று எங்கெல்லாம் ஜனம் கால்கடுக்க நிற்க வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் முப்புடாதி அவர்களுக்குப் பதிலாக நின்றாள், அவர்களும் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், அதில்தான் வீட்டில் உலை கொதித்தது. பஸ்ஸில் அவள் ஏறினால் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், அந்தம்மாவுக்கு சீட் வேண்டாம், நீங்கள் நகர வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிடுவார். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாற முதலில் அவளைக் கூப்பிட்டார்கள், சாப்பிட உட்காரச் சொல்லும் சங்கடம் இல்லை பாருங்கள். நல்லவர்கள்தான், எல்லோரும் நல்லவர்கள்தான். அவள் நிற்பதைப் பார்த்து முதல் மாதம் உச்சுக்கொட்டினவர்கள்தான், பிறகு அவளுக்கு நாற்காலி எடுத்துப்போடுவதையே மறந்துபோனார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை, முடியாது என்றாலும் ஒரு வார்த்தை உட்காரு என்று சொல்லலாம் இல்லையா.

எங்கள் ஆபீசில் மட்டும் வக்கீல் அவள் வரும்போதெல்லாம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரம்மா என்றுவிட்டு, அவள் பக்கத்தில் நின்றதும் தானும் எழுந்து நின்றுகொள்வார். அவர் நின்றால் நான் எப்படி உட்கார்ந்து டைப் அடிப்பது. நானும் நிற்பேன்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது, எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கடைப் பெண்கள் வார லீவு கிடைக்கிற நாளில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருவரும் இருவருமாக எங்கள் படியேறி வரத் தொடங்கினார்கள். என்ன வழக்கு என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் அக்கா என்பார்கள். கடைக்காரர்கள் தங்கவைத்திருக்கிற விடுதியில் உட்காரலாமே, அங்கே யார் தடுக்கிறார்கள் என்று ஒருத்தியிடம் கேட்டேன். அங்கே உட்கார்ந்தால் களைப்பில் உட்காருகிற மாதிரி இருக்கிறது, இங்கே உட்கார்ந்தால் மரியாதையாக உட்காருகிற மாதிரி இருக்கிறது என்றாள் அவள். நான் தண்ணீர் கொடுப்பேன், குடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சாமி சன்னதியில் இருக்கிற மாதிரி பேசாமல் இருப்பார்கள். போகும்போது மட்டும், அந்த இரண்டாவது கோரிக்கை எப்படிப் போகிறது என்று மெதுவாகக் கேட்பார்கள். நடக்கிறது என்று சொல்வேன். அவர்களுக்காக வக்கீல் இன்னும் நாலு நாற்காலி வாங்கிப் போட்டார்.

நடக்கத்தான் நடந்தது, ஆமை நடை. வாய்தா மேல் வாய்தா. கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா, கம்பெனி வக்கீலின் ஜூனியருக்குக் கல்யாணம் என்று ஒரு வாய்தா, நீதிபதி மாற்றலாகிப் போனார் என்று ஒரு வாய்தா, புது நீதிபதி இன்னும் வரவில்லை என்று ஒரு வாய்தா. கோர்ட் வராந்தாவில் மற்றவர்களெல்லாம் பெஞ்சில் சரிந்து கிடக்க, முப்புடாதி தூணோடு தூணாக நின்றாள். பவிஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள், அங்கே டீச்சர் உட்காரச் சொன்னால் எல்லாரும் உட்கார்ந்த பிறகு கடைசியாக உட்காருவாளாம், அதுவும் யோசித்து.

ஒருவழியாக வந்த புது நீதிபதி ஒரு அம்மா, இரக்கமுள்ளவர். முப்புடாதி சாட்சிக்கூண்டில் அதிக நேரம் நிற்பதைப் பார்த்து, அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, உட்காருங்கள் என்றார். அவள் உட்காரவில்லை. கோர்ட் உத்தரவை மனுதாரர் மதிக்கவில்லை என்று கம்பெனி வக்கீல் எழுந்தார். எங்கள் வக்கீல் எழுந்து, உட்கார முடியாத நிலையை எடுத்துச் சொன்னார். நீதிபதி அம்மா, இதை நேரில் அளந்து அறிக்கை தர வேண்டும் என்று ஒரு இளம் வக்கீலை கமிஷனராகப் போட்டார். அந்தப் பையன் புதுசாக இஞ்சு டேப் வாங்கிக்கொண்டு வந்து, கோர்ட் பெஞ்சு, கேன்டீன் பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு சிமென்டுக் கட்டை, கடையில் அவள் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் அந்தக் குஷன் ஸ்டூல் வரைக்கும் அவளை உட்காரச் சொல்லிச் சொல்லி அளந்தான். இஞ்சிலும் சரியாக வரவில்லை, சென்டிமீட்டரிலும் சரியாக வரவில்லை, விரற்கடையில்தான் சரியாக வந்தது, அப்படியே எழுதிக் கொடுத்தான். நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கோர்ட்டில் இதைவிடப் பெரிய ஆச்சரியங்கள் நாள்தோறும் பதிவாகின்றன.

அதன் பிறகு கம்பெனி வக்கீல் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார். கூரையிலிருந்து எடுத்த படம். உச்சந்தலையும், தோளும், மடியில் ஒரு அரக்குப் பட்டும் தெரிந்தன, மடிக்கிற கை தெரிந்தது, கீழே ஸ்டூலின் விளிம்பு தெரிந்தது. முப்புடாதி கூண்டில் நின்றபடி அந்தப் படத்தையே பார்த்தாள், தன் பழைய கல்யாணப் படத்தைப் பார்க்கிற மாதிரி. நான் வக்கீலைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மேலேயிருந்து பார்த்தால் நாலு விரற்கடை இடைவெளி தெரியாது. உட்கார்ந்தாளா, உட்காராமல் நின்றாளா என்று அந்தப் படத்தை வைத்து ஒருத்தராலும் சொல்ல முடியாது. கமிஷனரின் அறிக்கையோ அவளால் எங்கேயும் உட்கார முடியாது என்கிறது. நான் உட்காரவே இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு ஜெயம்.

அன்றைக்கு ஆபீசுக்கு வந்ததும் வக்கீல் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளிடம் பேசினார். உள்ளதை உள்ளபடி உட்கார்ந்தேன் என்று சொன்னால், உட்காருவது உரிமைதானா என்று கோர்ட் தீர்மானிக்க வேண்டிவரும், ஜெயித்தால் எல்லோருக்கும் நாற்காலி, ஆனால் கடைக்காரன் விடமாட்டான், மதுரைக்குப் போவான், டெல்லிக்குப் போவான், பவிஷா சமைந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் வழக்கு நடக்கும். உட்காரவில்லை என்று சொன்னால் வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் இரண்டாவது கோரிக்கை செத்துப்போகும், உட்காராதவள் எப்படி நாற்காலி கேட்பாள் என்பார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பொய் சொல் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அந்தக் கேள்வியை நான் கேட்கவும் மாட்டேன், அவர்கள் கேட்பார்கள், பதில் உன்னுடையது என்றார்.

முப்புடாதி வெகுநேரம் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலைய விட்டு நிப்பாட்டுன அன்னைக்குத்தான் சார் ஒடம்பும் நின்னுச்சு. வேலை திரும்பிட்டுன்னா ஒடம்பும் எறங்கிரும்னு நெனைக்கேன்" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைங்க என்னைய மன்னிக்கணும். எம்பிள்ளைக்கு வயசு போயிட்டே இருக்கு சார். இன்னுங் கொஞ்ச நாள்ல அவ மடி கேக்கமாட்டா" என்றாள்.

அடுத்த வாய்தாவில் கம்பெனி வக்கீல் கேட்டார். அந்த ஸ்டூலில் நீ உட்கார்ந்தாயா இல்லையா? முப்புடாதி இல்லை என்றாள். வாழ்க்கையில் கடைசியாக உட்கார்ந்த அந்த ஒரு சேலை மடிக்கிற நேரத்தை, பிள்ளை பெற்றபோதுகூடக் கிடைக்காத அந்த நிம்மதியை, நடக்கவே இல்லை என்று சத்தியத்தின் பேரில் சொன்னாள். எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், கோர்ட்டில் அழுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மனுதாரர் உட்காரவில்லை என்பதால் குற்றம் இல்லை, ஆகவே வேலையைத் திருப்பித் தர வேண்டும். மனுதாரர் உட்காருகிறவரே இல்லை என்பதால் நாற்காலி பற்றிய இரண்டாவது கோரிக்கையை ஆராய அவசியம் எழவில்லை. ஜெயித்த வழக்குக்கு வழக்கமாகக் கீழே இருந்து வடை வாங்கி எல்லோருக்கும் கொடுப்போம். அன்றைக்கும் வாங்கினோம். ஆறிப்போய்க் கிடந்தது.

கடைக்காரர்கள் மேல்முறையீடு செய்வார்கள் என்று காத்திருந்தோம், அவர்கள் செய்யவில்லை. மறுவாரமே மேளதாளம் இல்லாத குறையாக அவளை வரவேற்றுச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் சேர்க்கமாட்டார்கள், உட்காரவே முடியாத ஒரு வேலைக்காரியைத் தவம் கிடந்தாலும் கிடைக்குமா? மூன்றாவது மாடியில், லிப்டு திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில் அவளை நிறுத்தினார்கள். தீர்ப்பின் நகலுக்குச் சட்டம் போட்டு அவளுக்குப் பின்னால் மாட்டினார்கள். எந்தப் பெண்ணாவது கால் மாற்றி நின்றால், மேல் ராக்கில் லேசாகச் சாய்ந்தால், சூப்பர்வைசர் திட்டக்கூட மாட்டானாம், முப்புடாதி இருக்கிற திசைக்குக் கண்ணைக் காட்டுவானாம், அவ்வளவுதான். குடோனில் கிடந்த ஸ்டூல்களை ஒரு கோயிலுக்கு அன்னதானத்துக்கென்று கொடுத்து, ஒவ்வொன்றின் மேலும் உபயம் என்று கடையின் பேரை எழுதிவிட்டார்கள். சட்டம் சட்டமாகத்தான் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் படியேறி வந்த பெண்கள் அதற்குப் பிறகு வரவில்லை. வக்கீல் வாங்கிப்போட்ட நாலு நாற்காலிகளையும் நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ராத்திரி முப்புடாதி வீட்டுக்கு ஓட்டமாகப் போயிருக்கிறாள். பவிஷாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி நிறுத்தி, கட்டிலைத் தட்டிப்போட்டு, விளக்கைப் போட்டு, முந்தானையை இழுத்துப் பிடித்து, மெதுவாக இறங்கியிருக்கிறாள். அதே நாலு விரற்கடை. அவள் இதை எங்களிடம் சொன்னது அதற்கடுத்த வார லீவு அன்று, பவிஷாவையும் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தபோது. சத்தம் இல்லாமல், குற்றம் சொல்லாமல் சொன்னாள். வேறு மனு போடலாமா என்று வக்கீல் என்னைப் பார்த்தார், எந்தக் கோர்ட்டில், எந்தச் சட்டத்தில் என்று நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் வழக்கம்போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரம்மா என்றார்.

உட்கார்ந்தது பவிஷா. வளர்ந்திருந்தாள், கால் தரைக்கு எட்டியது. பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எம்மா, எம் மடியில வந்து உக்காரு" என்றாள்.

முப்புடாதி எங்களைப் பார்த்தாள். பிறகு பிள்ளைக்கு முதுகைக் கொடுத்து, முந்தானையை இழுத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி இறங்கினாள். நான் டைப் மெஷினுக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. பிள்ளையின் மடிக்கு நாலு விரற்கடை மேலே அவளுடைய உடம்பு நின்றுவிட்டது. பவிஷாவுக்கு அது தெரியவில்லை, அம்மாவின் முதுகு அவள் முகத்தை மறைத்திருந்தது, சேலை மட்டும் அவள் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டு, முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். முப்புடாதி எழுந்திருக்கவில்லை. தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின, நெற்றியில் வேர்த்து ஊற்றியது, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த உயரத்திலேயே இருந்தாள். வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பவி, ரொம்பக் கனக்காம்மா?" என்று முப்புடாதி கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பவிஷா. "கனமே இல்ல."